இணைப்பு எங்கே அறுந்தது?

 

சென்ற ஆண்டு ஓரிரவு இஷா தொழுகை முடிந்து நாம் வெளியே வருகையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் பணிபுரியும் அன்பர் ஒருவர் வாடிய முகத்துடன் காத்திருந்தார். மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்திற்கு அன்று நள்ளிரவே இறுதி நேரம். "வைஃபை வேலை செய்யவில்லை ஹஜ்ரத். ரவுட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்" என்றார்.

நாம் கிதாபு ஓதியவரேயன்றி இயந்திரம் பயின்றவரல்லர். எனினும் 2020 மார்ச் ஊரடங்கில் மக்தப் பாடங்களை மடிக்கணினி வழியே நடத்த நேர்ந்தபோது தட்டுத்தடுமாறிக் கற்றவை சில உண்டு. அவருடன் புறப்பட்டோம்.

முதலில் அறிய வேண்டியது, பழுது எப்பக்கம் என்பதே. கைப்பேசியில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு (இதை மறந்தால் சோதனையே வீண்) அதே வைஃபையில் இணைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் வராவிடில் ரவுட்டரின் மின்சாரத்தைத் துண்டித்து, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுத்துப் பார்க்கலாம். ஃபைபர் இணைப்புப் பெட்டியில் 'லாஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து வரும் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது வீட்டில் எதைத் திருகியும் பயனில்லை. நிறுவனத்திற்குத்தான் புகார் செய்ய வேண்டும்.

அன்பர் வீட்டில் கைப்பேசி நன்றாக இயங்கியது. ஆகவே ரவுட்டர் குற்றமற்றது!

இனி மடிக்கணினி. வைஃபையே அணைந்திருந்தால், விமானப் படமிட்ட விசையில் குழந்தைகள் கைபட்டிருக்கலாம். பெயர் தெரிந்தும் இணையவில்லையெனில், சேமித்த பழைய கடவுச்சொல்லை 'மறக்க' வைத்துப் புதிதாக இட வேண்டும். கைப்பேசிக்குத் தெரியும் பெயர் கணினிக்குத் தெரியவில்லையெனில், ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கணினிகள் பல 2.4 மட்டுமே அறியும்.

இங்கோ இணைப்பு இருந்தது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கையே மீண்டும் மீண்டும் வந்தது. மூலையிலிருந்த கடிகாரத்தை நோக்கினோம். ஆண்டு 2016 என்றிருந்தது! 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த மகன் பெற்ற கருவி அது. பேட்டரி முற்றிலும் பழுதாகி, சார்ஜரைச் செருகினால் மட்டுமே இயங்கும் நிலை. உள்ளே கடிகாரத்தைக் காக்கும் சிறு வட்டச் செல்லும் தீர்ந்திருந்தது. ஆகவே சார்ஜரைக் கழற்றுந்தோறும் காலத்தை மறந்துவிடுகிறது.

காலம் தவறினால் தளம் ஏன் மறுக்க வேண்டும்? ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் தன்னை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழ் காட்டுகிறது. அதில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. 2016-இல் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. எனவே நம்ப மறுக்கிறது. பள்ளிவாசல் கடிகாரம் தவறினால் இகாமத்தும் தவறுவதை நாம் அறிவோமல்லவா?

தேதியையும் நேரத்தையும் திருத்தினோம், தளம் திறந்தது. பதினொன்றே கால் மணிக்கு விண்ணப்பம் சென்று சேர்ந்தது. மறுநாள் பழுது நீக்குபவரிடம் கொடுத்து, அந்த வட்டச் செல்லை மட்டும் மாற்றிக்கொண்டார். புது ரவுட்டருக்கான பணம் அவர் கையிலேயே நின்றது.

இத்தகைய தொல்லையுடையோர் ஞாயிறு அஸருக்குப் பின் மக்தப் அறைக்கு வரலாம். நம் இளைஞர்கள் இருவர் உதவுவார்கள். சார்ஜரையும் மறவாது கொண்டுவருக.