தன் அளவு தெரிந்த பிள்ளை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

கூட்டாளிகளின் வற்புறுத்தலுக்குப் பிள்ளைகள் பணியாமல் இருக்க நாம் என்ன செய்யலாம் என்பதுபற்றிப் பேசுமாறு தலைமையாசிரியர் பணித்தார். நான் பெரிய பேச்சாளன் அல்லன். பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆகவே கண்ணால் கண்ட ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு, நம் தோட்டத்தை அடுத்துள்ள கோல்ப் திடலிலிருந்து ஓர் அன்பர் ஒரு பை நிறையப் பழைய மட்டைகளை நம் பிள்ளைகளுக்கென்று கொடுத்தார். 1893-ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் சிலாங்கூர் கோல்ப் கிளப் தொடங்கிய காலத்தில் அது துரைமார் ஆட்டம். பின்னாளில் மா. ராமையா, பெ. குணசேகரன் போன்ற நம்மவர்களே தொழில்முறை ஆட்டக்காரர்களாக ஆசியப் போட்டிகளில் ஆடினார்கள். நம் பிள்ளைகளும் ஆடிப் பார்க்கட்டுமே என்று ஒரு சனிக்கிழமை காலை பையைத் திறந்து வைத்தேன்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பெரிய தலையுள்ள 'டிரைவர்' மட்டையை எடுத்தான். அவ்வளவுதான், அத்தனை பேருக்கும் அதுதான் வேண்டும்! நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், பையின் அடியில் கிடந்த சிறுவர் மட்டையை எடுத்தாள். "ஐயே, அது பாப்பா மட்டை!" என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அவள் அதைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றாள். தன் முறை வந்ததும் பெரிய மட்டையைத் தூக்கி வீசினாள். பிடியின் முனை வயிற்றில் இடித்தது. பந்து அசையவே இல்லை. "எனக்கு இதெல்லாம் வராது சார்" என்றாள், கண் கலங்க.

பாருங்கள், குறை மட்டையில் இருந்தது. பிள்ளையோ அதைத் தன்மேல் போட்டுக்கொண்டது.

திடலில் மட்டை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னதைப் பெற்றோருக்கும் சொல்கிறேன். வயதைப் பார்த்து மட்டை வாங்காதீர்கள், உயரத்தைப் பாருங்கள். பிள்ளை இயல்பாகக் குனிந்து நிற்கும்போது மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படிய வேண்டும். முனை மேலே தூக்கி நின்றால், வலக்கை ஆட்டக்காரனுக்குப் பந்து இடப்பக்கம் ஓடும். இடக்கையால் பிடியைப் பற்றும்போது நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலின் அடிமேட்டை லேசாகத் தொட வேண்டும். பெரியவர் மட்டையை அறுத்துக் கொடுப்பது சிக்கனம்போலத் தோன்றும். ஆனால் தண்டு விறைத்துவிடும், தலையின் கனமோ குறையாது. பள்ளிச் சட்டையை இரண்டு அளவு பெரிதாக வாங்குவோமே, அந்தக் கணக்கு இங்கே ஆகாது. ஓர் அங்குலம் கூடினால் பரவாயில்லை. ஓர் ஆட்டத்தில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பிள்ளைக்கு நாலைந்தே போதும்.

மட்டையை அளந்து கொடுத்துவிடலாம். ஆனால் அவளைச் சிரித்து மடக்கினார்களே, அதற்கு என்ன மருந்து?

1951-ஆம் ஆண்டில் சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துத் தாம் நடத்திய சோதனையை வெளியிட்டார். மூன்று கோடுகளில் எது முதற்கோட்டுக்குச் சமம் என்பதுதான் கேள்வி. கண்ணுள்ள எவரும் சொல்லிவிடலாம். ஆனால் கூட இருந்தவர்கள், முன்னேற்பாட்டின்படி, ஒருமித்துத் தப்பான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே தாமும் சொன்னார்கள்! வளர்ந்த வாலிபர்களே அப்படியென்றால், பத்து வயதுக் குழந்தையைக் கோழை என்று ஏசலாமா? அடுத்து அவர் ஒரு மாற்றம் செய்தார். கூட்டத்தில் ஒரே ஒருவரை உண்மை சொல்ல வைத்தார். தலையாட்டுவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துபோயிற்று. ஒரு துணை போதும் என்பதே இதன் பாடம்.

இது எனக்குச் சொந்த அனுபவம். எனக்கு அப்போது பதினொரு வயது. திடலின் குளத்தில் விழுந்த பந்துகளை எடுத்து விற்றால் காசு கிடைக்கும். ஒருநாள் பொழுது சாயும் நேரம், பெரிய பையன்கள் இறங்கிவிட்டார்கள். "இடுப்பளவு தண்ணிதான்டா, பயந்தாங்கொள்ளி!" என்றார்கள். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் சட்டையைக் கழற்றிவிட்டேன். அப்போது பக்கத்தில் நின்ற ஒருவன், "எனக்கும் பயமா இருக்குடா, வா வீட்டுக்குப் போவோம்" என்றான். இருவரும் நடையைக் கட்டினோம். கரையை விட்டு நாலடி போனால் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் என்பது பிறகுதான் தெரிந்தது. அவன் அன்று அந்த ஒரு வார்த்தை சொல்லாதிருந்தால், இன்று உங்கள் முன் நான் நின்றிருப்பேனோ, என்னவோ!

பெற்றோர்களே, மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, பிள்ளையின் கூட்டாளிகளை வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் தேநீர் கொடுங்கள். நல்ல துணை யார் என்பது தெரியும். இரண்டாவது, 'வேண்டாம்' என்று சொல்ல வீட்டிலேயே பழக்குங்கள். வாய் வராவிட்டால், "எங்கப்பா ஏசுவாரு" என்று நம்மேல் பழியைப் போட்டுத் தப்பித்து வரட்டும். மூன்றாவது, "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்பதை விட்டுவிடுங்கள். ஊரான் அளவால் நாமே அவனை அளந்துவிட்டு, ஊரார் சொல்கேட்டு ஆடாதே என்றால் எப்படி?

அடுத்த சனிக்கிழமை, அந்தச் சிறுமியோடு அவளுடைய தோழியையும் சேர்த்து, சிறுவர் மட்டையை இருவர் கையிலும் கொடுத்தேன். அன்றைக்கும் சிலர் சிரித்தார்கள். அவள் தோழியைப் பார்த்தாள். மட்டையைக் கீழே வைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே, உங்கள் பக்கத்தில் இருப்பவன் தயங்கி நிற்கும்போது, அந்த ஒரு துணையாக நீங்கள் இருங்கள்.