மருந்து செய்கிறவனுக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, அடிக்கிறவனுக்கு?

(வட்ட மாநாட்டில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நெல்லுக்கு விலை, பயிர்க் காப்பீடு, வாய்க்கால் தூர்வாருவது இதெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது மருந்தடிக்கிறதைப் பற்றி. மருந்தடித்தால் பயிருக்கு என்ன லாபம் என்று கடைக்காரர் சொல்லிடுவார், கம்பெனிக்காரர் படம் போட்டே காட்டிடுவார். அடிக்கிறவன் உடம்புக்குள்ளே என்ன நடக்குது என்று கடந்த இருபது, இருபத்தைந்து வருஷத்தில் விஞ்ஞானிகள் எவ்வளவோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைச் சொல்ல மட்டும் நம்ம ஊருக்கு ஒருத்தரும் வரவில்லை.

முதலில் மருந்து பாட்டிலைப் பாருங்க. லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம். சிவப்பு கடும் விஷம், பச்சை லேசானது என்று நமக்குத் தெரியும். அந்த நிறத்தை எப்படி முடிவு பண்ணினார்கள் தெரியுமா? சோதனைச் சாலையில் பிராணிகளுக்கு மருந்தைக் கொடுத்து, எந்த அளவில் பாதி பிராணி சாகுது என்று பார்த்தார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராமுக்குள் பாதி செத்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். அதற்கு மேலே 5000 வரை நீலம், அதையும் தாண்டினால் பச்சை. ஒரே தடவையில் உள்ளே போனால் சாவானா, பிழைப்பானா என்பதற்கான கணக்குதான் இது. பத்து வயசில் வாளி தூக்கிக் கொடுக்க ஆரம்பித்து, அறுபது வயசு வரைக்கும் வாரத்துக்கு இரண்டு நாள் அந்தப் பனியில் நடக்கிறவனைப் பற்றி அந்த நிறம் ஒரு வார்த்தை சொல்லாது.

நாம் அதிகம் தொட்ட மருந்துகள் ஆர்கனோபாஸ்பேட் வகை. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரபனோபாஸ், அசிபேட், டைமெத்தோயேட் எல்லாம் இந்தக் குடும்பம்தான். 1930களில் ஜெர்மனியில் ஷ்ரேடர் என்ற வேதியியல்காரர் பூச்சிக்கு மருந்து தேடும்போது இந்த வகையில் இறங்கினார். அந்தத் தேடலிலேயே டாபூன், சாரின் என்ற யுத்த விஷவாயுக்களும் பிறந்தன. பூச்சியும் மனுஷனும் சாகிற வழி ஒன்றுதான். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போகும். போன சேதியை உடனே துடைத்து எடுக்க கோலின்எஸ்டரேஸ் என்று ஒரு நொதி இருக்கு. மருந்து அந்த நொதியைப் பிடித்துக் கட்டிப் போட்டுவிடும். சேதி துடைபடாமல் தேங்கும். கண்பாவை சுருங்கும், வாயில் எச்சில் ஊறும், வியர்த்துக் கொட்டும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். 2017இல் மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அவர்களில் ஒருவரும் மருந்தை எடுத்துக் குடித்தவர் இல்லை. வயலில் அடிக்கப் போனவர்கள்.

இது பழைய பாடம். புதுசு என்னவென்றால், ஒரே மருந்து ஒரே அளவில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரே கத்தரி வயலில் ஒரே டேங்க் மருந்தை அடிக்கிறார்கள். அண்ணன் சாயந்திரம் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். தம்பி தலைவலி, வாந்தி என்று படுத்துக்கிறான். நாம என்ன சொல்றோம்? "அவனுக்கு உடம்பு தாங்காது, வெறும் வயித்தில் போயிருப்பான்." விஞ்ஞானிகள் இதற்குக் காரணம் ரத்தத்தில் கண்டார்கள். பாரக்ஸோனேஸ் என்று ஒரு நொதி ஈரலில் உண்டாகி ரத்தத்தில் ஓடுது. குளோர்பைரிபாஸ் உடம்புக்குள் போனதும் இன்னும் கொடிய ஒரு பொருளாக மாறும். அதை உடைத்துப் போடுவதில் இந்த நொதிக்குப் பெரிய பங்கு. நொதியைச் செய்யும் ஜீன் ஏழாவது குரோமோசோமில் இருக்கு. அதில் ஓர் எழுத்து ஒருவருக்கு ஒருவர் மாறுது. ஓர் எழுத்துதான் மாறும். அந்த மாற்றத்தால் ஒருவர் உடம்பு விஷத்தைச் சுருக்க உடைக்கும், இன்னொருவர் உடம்பு மெதுவாக உடைக்கும். நொதி எவ்வளவு ஊறுது என்பதும் ஆளுக்கு ஆள் பல மடங்கு வித்தியாசம்.

தாய்மார்கள் இதைக் கவனிக்கணும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம். கீரையும் ஸ்ட்ராபெர்ரியும் விளையும் பூமி. வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரர்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்து பிரெண்டா எஸ்கனாசி குழுவினர் 1999, 2000 வருஷங்களில் அங்கே கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த பிள்ளைகளையும் வருஷக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இந்த நொதி தாய்க்கு இருப்பதில் கால் பங்கு அளவுதான் இருந்தது. பெரியவர்களைப் போல விஷத்தை உடைக்கிற தெம்பு குழந்தைக்கு இல்லை. 2011இல் அடுத்த முடிவு வந்தது. கர்ப்ப காலத்தில் சிறுநீரில் மருந்தின் கழிவு மிக அதிகமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட ஏழு வயசில் அறிவுத்திறன் சோதனையில் சராசரி 7 புள்ளி குறைவு. நியூயார்க் நகரத்தில், வயலே இல்லாத இடத்தில், வீட்டுக்குள் கரப்பான் பூச்சிக்கு அடித்த குளோர்பைரிபாஸை வைத்து கொலம்பியா பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. மருந்தடித்த சட்டையை நம்ம வீட்டில் துவைக்கிறது யாரு? பெரும்பாலும் பெண்கள்தான். அவள் முழுகாமல் இருந்தாலும் அவள்தான் துவைக்கிறாள்.

இதில் ஒரு அபாயம் இருக்கு. நாளைக்கு ஒரு கம்பெனி வந்து, "எங்கள் மருந்தில் தப்பில்லை, உங்க ஜீனில்தான் தப்பு, ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒதுங்கிக்கலாம்" என்று சொல்லலாம். ஜீன் நம்ம பாட்டன் கொடுத்தது. அதில் குறை கண்டு நம்மை வேலையைவிட்டு ஒதுக்கக் கூடாது. நொதி குறைவாக இருக்கிறவனுக்கும், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் தாங்குகிற மாதிரிதான் அளவு வைக்கணும். திடகாத்திரமான ஆளைப் பார்த்து அளவு வைத்தால் அது யாருக்கான பாதுகாப்பு?

இப்போ நம்ம பக்கத்துக்கு வருவோம். 2017இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் 3,080 பேரைப் பரிசோதித்திருக்கிறார்கள். பூச்சி மருந்தோடு நேரடியாகப் புழங்குகிறவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்குச் சர்க்கரை நோய். புழங்காதவர்களில் நூற்றுக்கு 6.2 பேர். மூணு மடங்கு! உடம்பு வணங்காமல் உட்கார்ந்து தின்கிறவனுக்குத்தான் சுகர் வரும் என்று சொல்லிக்கொண்டு இருந்தோம். விடிகாலையில் மண்வெட்டி எடுக்கிறவனுக்கு ஏன் வருது?

அவர்கள் எலிகளுக்கு 180 நாள் மருந்தைச் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். எலி என்றதும் சிரிக்காதீங்க, லேபிள் நிறத்தையும் இந்த மாதிரிப் பிராணிகளை வைத்துத்தான் முடிவு பண்ணினார்கள். மருந்து தின்ற எலிகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படவில்லை. பிறகு அந்த எலியின் புழுக்கையில் இருக்கிற கிருமிகளை எடுத்து, மருந்தே தொடாத எலியின் குடலுக்குள் செலுத்தினார்கள். அதற்கும் சர்க்கரைக் கோளாறு வந்தது. நம்ம குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கு. அவற்றின் ஜீன்கள் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்ததில், அவை மருந்தை உடைக்கின்றன. உடைக்கும்போது அசிட்டிக் அமிலம் மாதிரிப் பொருள்கள் உண்டாகுது. அதை எடுத்து ஈரல் சர்க்கரை செய்யுது என்று தெரிந்தது. மருந்து சீக்கிரம் சிதைந்து போகும், அதனால் பயமில்லை என்றுதானே நமக்குச் சொன்னார்கள்? அது சிதைகிற இடம் நம்ம குடலாக இருந்தால் அங்கேயே வேறொரு கோளாறு ஆரம்பிக்குது.

ரத்தத்தில் மருந்தின் எச்சம் கூடுதலாக இருந்தவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கும் கூடுதலாக இருந்தது. ஆனால் கோலின்எஸ்டரேஸ் அளவுக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தம் காணவில்லை. நரம்பு நொதியைப் பார்த்துவிட்டு டாக்டர் "நல்லா இருக்கு, போ" என்றாலும், வேறு வழியாகக் கேடு நடந்துகொண்டு இருக்கலாம்.

ஆராய்ச்சி சொல்லாததை நாம சொல்லக் கூடாது. உங்க ஊரில் சுகர் வந்த ஒவ்வொருத்தருக்கும் மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. சாப்பாடு, வயசு, பரம்பரை எல்லாம் இருக்கு. சொன்ன அளவே நாம கேள்வி கேட்கப் போதும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? 1968ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம். அதன்கீழ் 1971இல் போட்ட விதிகளில் 37ஆவது விதியைப் படியுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தோடு வேலை செய்கிறவருக்கு மாதம் ஒருமுறை ரத்தத்தில் கோலின்எஸ்டரேஸ் பார்க்கணும் என்று எழுதியிருக்கு. தயாரிக்கிறவர், கலக்கிறவர், தெளிக்கிறவர் எல்லாரையும் அது சொல்லுது. ஆஹா என்று சந்தோஷப்பட வேண்டாம். மூலச் சட்டத்தின் 38ஆவது பிரிவில், தன் சாகுபடி நிலத்தில் உபயோகிக்கிறவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று போட்டுவிட்டார்கள். ஆக, ஃபாக்டரியில் பாட்டிலில் அடைக்கிறவனுக்குப் பரிசோதனை உண்டு. அதே பாட்டிலைத் திறந்து, வாளியில் ஊற்றிக் குச்சியால் கலக்கி, முதுகில் சுமக்கிறவன் கணக்கிலேயே இல்லை.

இது நடக்காத காரியமா? கலிபோர்னியாவில் 1974இலிருந்து நடக்குது. சீசனுக்கு முன்னாலேயே ரத்தம் எடுத்து அளவைக் குறித்து வைக்கிறார்கள். பிறகு அளவு 80 சதத்துக்குக் கீழே இறங்கினால் வேலை செய்கிற முறையைப் பரிசோதிக்கணும். சிவப்பணுவில் 70 சதத்துக்கு இறங்கினால் அந்த ஆளை மருந்துப் பக்கமே விடக்கூடாது. வாஷிங்டன் மாநிலத்தில் தொழிலாளர்கள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடி 2004இல் இதை வாங்கினார்கள். மருந்து வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவருக்குக் கூலி மூன்று மாதம் வரை குறையக் கூடாது என்றும் சேர்த்து வாங்கினார்கள். அந்தக் கூலிப் பாதுகாப்பு இல்லாவிட்டால் எந்தக் கூலிக்காரனும் ரத்தம் கொடுக்கக் கை நீட்ட மாட்டான்.

நம்ம உறுப்பினர் ஒருத்தர் போன வருஷம் வரப்பில் விழுந்து, தூக்கிக்கொண்டு போனோம். சட்டையெல்லாம் மருந்து வாடை. சீட்டில் 'வெயில் மயக்கம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகுது? நஞ்சுச் சம்பவங்களைத் தெரிவிக்கச் சொல்லி உத்தரவு போட அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கு. சீட்டில் எழுதாத நோய் கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததற்கு எவன் பணம் ஒதுக்குவான்?

மத்திய அரசு 2020 மே மாதம் 27 மருந்துகளைத் தடை செய்ய வரைவு போட்டது. கம்பெனிகள் சும்மா இருப்பார்களா? 2023இல் வந்த ஆணையில் டைக்கோபால், டினோகாப், மெத்தோமில் மூன்றும் போச்சு. மோனோகுரோட்டோபாஸில் 36 சதத் திரவத்தை நிறுத்தினார்கள். குளோர்பைரிபாஸுக்குச் சில பயிர்களில் மட்டும் தடை. ஐரோப்பிய நாடுகள் 2020லேயே அதை விட்டுவிட்டன. 2025இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் கூடி, உலக அளவில் ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தார்கள், அதுவும் ஏகப்பட்ட விதிவிலக்கோடு.

"விவசாயிதான் அளவு தெரியாமல் அடிக்கிறான்" என்று ஒரு பேச்சு உண்டு. பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை மூடி என்று நமக்குச் சொல்கிறது யாரு? கடனுக்குச் சரக்குக் கொடுக்கிற கடைக்காரர். விரிவாக்க அலுவலர் ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? லேபிளில் பொடி எழுத்து, கண்ணாடி போட்டாலும் தெரியாது. கையுறை, முகமூடி போடு என்கிறார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஏக்கர் அடித்துக் காட்டச் சொல்லுங்க, பார்ப்போம். மருந்தை விட்டுடு என்றும் நான் சொல்லவில்லை. கத்தரியில் புழு விழுந்தால் மார்க்கெட்டில் மூட்டையைத் தொட மாட்டான். சொத்தைக்காய்க்கு விலை வைக்காத சந்தை இருக்கும் வரைக்கும் விவசாயியை மட்டும் குற்றவாளியாக்குவதில் நியாயம் இல்லை. மருந்தைக் குறைத்து மாற்று முறைக்குப் போகிறவனுக்கு முதல் இரண்டு மூன்று வருஷத்து நஷ்டத்தை அரசு தாங்கட்டும்.

இந்த மாநாட்டில் நாம கேட்கப் போவது பெரிய செலவுக் காரியம் இல்லை. 38ஆவது பிரிவைத் திருத்தி, கூலிக்கு மருந்தடிக்கிறவரையும் சொந்த நிலத்தில் அடிக்கிறவரையும் 37ஆவது விதிக்குள் கொண்டு வரணும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீசனுக்கு முன்னால் ஒரு தடவையும், சீசனில் மாதம் ஒரு தடவையும் கோலின்எஸ்டரேஸ் பார்க்கணும், கூடவே மூன்று மாதச் சர்க்கரையும் பார்க்கணும். அட்ரோபின் ஊசி எப்போதும் இருப்பில் இருக்கணும். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள், அதை நாம வரவேற்கிறோம். அந்தப் பதிவேட்டில் 'மருந்தடிக்கும் வேலை உண்டா, எத்தனை வருஷமாக' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்கிறோம். ஒரு கட்டம்தான்! மதுரையில் 3,080 பேரிடம் கண்டதை மாவட்டம் முழுக்கப் பார்க்கலாம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். ஒவ்வொரு கிளையும் தங்கள் ஊரில் மருந்தடிக்கிறவர்கள் பெயர், வயசு, எத்தனை வருஷமாக அடிக்கிறார்கள், சுகர் இருக்கா இல்லையா என்று நோட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள். ஆண்கள் பெயரை மட்டும் எழுதாதீங்க. தண்ணி சுமந்து ஊற்றுகிற, சட்டை துவைக்கிற பெண்கள் பெயரும் வரணும். காலி பாட்டில் லேபிள் இருந்தால் பிரித்து நோட்டில் ஒட்டுங்க, ஆனால் வெறுங்கையால் தொடாதீங்க. கிளைச் செயலாளர்கள் நோட்டைக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயந்திரத்துக்குள் சங்க ஆபீஸில் சேர்த்துவிடணும்.