குழந்தையின் புண்ணும் பெண்ணின் தீட்டும்

(சென்னை, கோட்டூர்புரத்தில் தாய்மார் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம், குழந்தைகளுக்குத் தொடையிடுக்கிலும் பிட்டத்திலும் உண்டாகிற புண்ணைப் பற்றியதாகும். இதைக் கேட்டதும் முன்வரிசையிலுள்ள சில தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மேடையேறி மலத்தையும் மூத்திரத்தையும் பேசுகிறானே என்று சிரிக்கிற ஆண்களில் எத்தனை பேர் தங்கள் குழந்தையின் துணியை ஒரு நாளாவது அலசியிருக்கிறார்கள் என்று கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

சென்ற மழைக்காலத்தில் இவ்வூர்க் குடியிருப்பு ஒன்றில் நாம் நேரில் கண்ட சங்கதியைச் சொல்லுகிறோம். பத்து மாதக் குழந்தை. நான்கைந்து நாள் வயிற்றுப்போக்கு. பிறகு பிட்டமெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, துணி பட்டாலே அலறுகிறது. தாய் வேலைக்குப் போகிறவள். ஆதலால் அவளுடைய தங்கை ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தாள். குழந்தையைக் கழுவுவது, துடைப்பது, துணி அலசுவது எல்லாம் அந்தப் பெண்தான். புண்ணைக் கண்ட வீட்டுப் பெரியவர்கள் என்ன ஆராய்ச்சி செய்தார்கள் தெரியுமா? அந்தப் பெண் "தூரமாக" இருந்தபோது குழந்தையைத் தூக்கிவிட்டாள், அதனால் தீட்டுத் தோஷம் பட்டுவிட்டது என்று தீர்மானித்தார்கள். ஒருவர் மந்திரித்த கயிறு வாங்கி வந்து அரையில் கட்டினார். இன்னொருவர் விபூதியை எடுத்துப் புண்ணின் மேலேயே தூவினார். அந்தப் பெண்ணை அன்று மாலையே ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதாவது, அந்த வீட்டில் குழந்தையை நேரம் பார்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்த ஒரே கையைத் தோஷமென்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். மறுநாள் முதல் புண் அதிகமாயிற்று. உடனே அவர்கள் சொன்னது என்ன? "பார்த்தீர்களா, எவ்வளவு கடுமையான தோஷம்!" என்பதுதான்.

தோழர்களே! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள், கன்னத்தைக் கிள்ளினாள், தலைவாரிவிட்டாள், கையால் சோறூட்டினாள். தோஷம் அவள் கையிலிருந்து வந்திருந்தால் கன்னத்தில் அல்லவா புண் வந்திருக்க வேண்டும்? ஈரத்துணி எந்த இடத்தைத் தொட்டதோ அந்த இடத்தில் மாத்திரம் புண் வருகிறதே, அது எப்படி? மழைக்காலத்தில் துணி காயாத வீட்டில் இது அதிகமாகிறதே. தீட்டுக்கு ஐப்பசி கார்த்திகை என்று பருவம் உண்டா? பெண்ணை மூன்று நாள் மூலையில் உட்கார வைக்கிற வழக்கமே இல்லாத இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்தப் புண் குழந்தைகளுக்கு வருகிறதே, அங்கே தோஷத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது யார்?

நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. ஆனால் இதே கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. கட்டணமில்லாமல் யாரும் உட்கார்ந்து படிக்கலாம். 2011ல் அந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அன்றைய அரசாங்கம் அறிவித்ததும், உயர்நீதிமன்றம் அதைத் தடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அதற்காகப் புத்தகத்தை வெளியேற்ற வேண்டுமா என்பதுதான் கேள்வி. அங்கே நான்கு நாள் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதைத்தான், குழந்தை வைத்தியர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, உங்களிடம் சொல்லுகிறோம்.

இந்தப் புண் எதனால் வருகிறதென்று மேல்நாட்டாருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1921ல் அமெரிக்காவில் குக் என்ற வைத்தியர், மூத்திரத்திலிருந்து அம்மோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமிதான் காரணமென்றார். அரை நூற்றாண்டுக்கு மேல் எல்லோரும் அதை நம்பினார்கள். 1977ல் சிலர் புண்ணுள்ள குழந்தைகளையும் புண்ணில்லாத குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது, அம்மோனியாவில் பெரிய வித்தியாசம் காணவில்லை. 1986ல் வந்த ஆராய்ச்சி மலத்தின் பக்கம் கையைக் காட்டிற்று. உண்ட ஆகாரத்தைக் கரைக்கிற நொதிகள் மலத்தோடு வெளியே வருகின்றன. மூத்திரமும் மலமும் கலந்து நின்றால் அங்கே காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் அந்த நொதிகளுக்கு வேகம் பிறக்கிறது. ஈரத்தில் ஊறி மெலிந்த தோலை அவை அரிக்கின்றன. துணியின் உராய்வு மிச்சத்தைச் செய்கிறது. வயிற்றுப்போக்கில் புண் ஓடிவருவது இதனால்தான். தாய்ப்பால் மாத்திரம் குடிக்கிற குழந்தையின் மலத்தில் காரம் குறைவு. அதற்குப் புண்ணும் குறைவு. குக் சொன்னது தப்பு என்று கண்டதும் அவர்கள் மாற்றிக்கொண்டார்கள். குக் பெரியவர், அவர் வாக்குப் பொய்க்காது என்று யாரும் அவருக்குப் பூசை போடவில்லை.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, காற்று. ஒரு நாளில் பலமுறை, பதினைந்து இருபது நிமிஷமாவது, துணியோ டயப்பரோ இல்லாமல் குழந்தையைச் சும்மா விடுங்கள். கீழே ஒரு பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் போடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். மலம் கழித்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் கழுவ வேண்டும். மூத்திரத்துக்கு, பச்சைக் குழந்தையானால் இரண்டு மணிக்கொரு தரமும், வளர்ந்ததானால் மூன்று நான்கு மணிக்குள்ளும் பார்க்க வேண்டும். துணி கட்டுகிறவர்கள் நனைந்த உடனே மாற்ற வேண்டும். அதன்மேல் பிளாஸ்டிக் ஜட்டி போட்டு இறுக்குவது ஈரத்தைப் பூட்டிவைப்பதற்குச் சமானம். டயப்பர் போடுகிறவர்கள், விலை அதிகமென்று ஒன்றையே காலை முதல் சாயந்தரம் வரை ஓட்டாதீர்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வாஸ்தவம், மலத்தை இழுத்துக்கொள்ளாது.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். டெட்டால் வேண்டாம், வாசனைச் சோப்பு வேண்டாம், வாசனை போட்ட ஈரக் காகிதம் வேண்டாம். மஞ்சளையும் வசம்பையும் அரைத்து உரிந்த தோலில் அப்பவேண்டாம். துடைக்கிறபோது தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஜிங்க் ஆக்ஸைடு கலந்த பசையையோ வாசலைனையோ, தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவதுபோல் அல்ல, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் கனமாகப் பூசுங்கள். அது மருந்தாக வேலை செய்வதைவிடச் சுவராக வேலை செய்வதே அதிகம். மலம் தோலைத் தொடாமல் தடுக்கிறது. அடுத்தமுறை கழுவும்போது அந்தப் பசை முழுவதையும் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. அழுக்கை எடுத்துவிட்டு மேலே மறுபடி பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் லேசான சிவப்புக்கு ஆகும். தோல் உரிந்துவிட்டால் அதைமட்டும் நம்பியிருக்கக் கூடாது. துணிகளைச் சோப்பு போகும்வரை அலசி வெயிலில் காயவையுங்கள். கஞ்சி போடக் கூடாது.

வயிற்றுப்போக்கினால் வந்த புண்ணானால் வயிற்றையும் கவனிக்க வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கொடுப்பார்கள். துத்தநாகத்தைப் போக்கு நின்ற பிறகும் பதினான்கு நாள் வரை கொடுக்கச் சொல்லுவார்கள். நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

இந்தப்படி இரண்டு மூன்று நாள் செய்தால் சாதாரணப் புண் வாடத் தொடங்கும். வாடவில்லையானால் வேறொன்று குடிவந்திருக்கிறதென்று அர்த்தம். பெரும்பாலும் அது கேண்டிடா என்னும் பூஞ்சை. அதற்கு அடையாளம் உண்டு: சாதாரணப் புண் தோல் மடிப்புகளின் உள்ளே அவ்வளவாகப் போகாது, பூஞ்சையோ மடிப்புக்குள்ளேயே போய் உட்காரும், ரத்தச் சிவப்பாக இருக்கும், ஓரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் செம்புள்ளிகள் சிதறியிருக்கும். குழந்தையின் வாயில் வெள்ளைப் படலம் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். இதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும். ஜிங்க் பசை மாத்திரம் போதாது. இந்தப் பூஞ்சையைக் கொல்லுகிற நிஸ்டாடின் என்ற மருந்தை 1950ல் உலகத்துக்கு அறிவித்தவர்கள் யார் தெரியுமா? எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். மண்ணிலே இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அதை எடுத்தார்கள். பெண் தொட்டதால் வந்தது என்று நம் பெரியவர்கள் சொல்லுகிற புண்ணுக்குப் பெண்கள் தொட்டுத்தான் மருந்து வந்தது.

இங்கே நம் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்படி குழந்தையின் தகப்பனாருக்குக் கயிற்றில் நம்பிக்கை கிடையாது. அவர் என்ன செய்தார்? ஒரு மருந்துக் கடைக்குப் போய், "சிவந்திருக்கிறது, ஏதாவது கொடு" என்று கேட்டு, மூன்று சரக்குக் கலந்த ஒரு ட்யூப் வாங்கி வந்தார். இரண்டு நாளில் சிவப்பு மறைந்தது. வெற்றி என்றார். நிறுத்தினார், நாலாம் நாள் இரட்டிப்பாக வந்தது. அந்த ட்யூபில் கடுமையான ஸ்டீராய்டு இருந்தது. அது சிவப்பை மூடிமறைக்கும். அடியிலே பூஞ்சை தாராளமாக வளரும். அன்றியும், டயப்பருக்குள் மூடிவைத்த மெல்லிய தோல் ஸ்டீராய்டை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும், தோல் மெலியும், நாள்பட்டால் உடம்பு தானாகச் சுரக்கிற சுரப்பையே கெடுக்கும். வைத்தியர்கள் அவசியமானால் மிக லேசான ஸ்டீராய்டைச் சில நாளுக்கு எழுதிக் கொடுப்பதுண்டு, அது வேறு. 2018ல் மத்திய அரசாங்கம் ஸ்டீராய்டுப் பூச்சுகள் பலவற்றை வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கேட்காமலே எடுத்துக் கொடுக்கிற கடையும் இருக்கிறது. கயிற்றிலே எழுதியிருப்பதையும் நாம் படிப்பதில்லை, ட்யூபிலே எழுதியிருப்பதையும் படிப்பதில்லை என்றால், கயிறு கட்டின பாட்டியைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பவுடரும் அப்படித்தான். புண்ணில் பவுடர் போட்டால் உலர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது ஈரத்தில் குழைந்து மடிப்பில் கட்டி உராய்கிறது. தூவும்போது குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. உரிந்த தோல் எதையும் உள்ளே விடும் என்பதற்கு இரண்டு கொடுமைகளைச் சொல்லுகிறோம். 1972ல் பிரான்சு தேசத்தில் ஒரு குழந்தைப் பவுடரில் ஹெக்ஸாகுளோரோபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக மிக அதிகமாகக் கலந்துவிட்டது. அதைப் பூசிய 36 குழந்தைகள் மாண்டன. 1981ல் வியட்நாம் தேசத்தில் ஹோ சி மின் நகரத்தில் பவுடரில் எலிப் பாஷாணமாகிய வார்பரின் கலந்திருந்து 177 குழந்தைகள் மாண்டன. தோல் வழியாகவே விஷம் ஏறிற்று. எரித்த சாணிச் சாம்பலைப் புண்ணில் தூவுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டிய சமயங்களும் உண்டு. காய்ச்சல் இருந்தாலும், கொப்புளமோ சீழோ ரத்தமோ கண்டாலும், புண் வயிற்றுக்கும் முதுகுக்கும் பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், பிறந்து சில வாரமே ஆன சிசுவானாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எழும்பூரில் குழந்தைகளுக்கென்றே அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. இன்னொன்று: எத்தனை மருந்துக்கும் ஆறாமல், வாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் அதேபோல் புண் வந்து, தலைமயிர் உதிர்ந்தால், அது உடம்பு துத்தநாகத்தை ஏற்றுக்கொள்ளாத அபூர்வ வியாதியாக இருக்கலாம். முன்காலத்தில் அந்தக் குழந்தைகளில் அனேகம் செத்துப்போயின. 1973ல் லண்டனில் மொய்னஹன் என்பவரும் அவருடன் வேலை செய்தவரும் துத்தநாகம் கொடுத்தால் தீருகிறதென்று கண்டார்கள். எத்தனை குழந்தைகளை இது குலசாமி குற்றமென்று சொல்லிப் புதைத்திருப்பார்களோ!

நாம் சொன்ன குழந்தையைக் கடைசியாகச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா மடிப்பை விரித்துப் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார். சுமார் பத்து நாளில் ஆறிற்று. தாய் தன் தங்கைக்குப் போன் செய்து திரும்ப வரச்சொன்னாள். அந்தப் பெண் கோபமாக ஒன்றும் பேசவில்லையாம். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மாத்திரம் கேட்டாளாம். வரவில்லை.

இப்போது ஒரு அம்மாள் சீட்டெழுதிக் கேட்கிறார்கள்: "மழையில் துணி காயவில்லையானால் என்ன செய்வது?" 2015 டிசம்பரில் அடையாறு இவ்வூருக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கஷ்டம் தெரியும். கொடியை மின்விசிறிக்கு அடியில் கட்டுங்கள். கட்டுவதற்கு முன் இஸ்திரிப் பெட்டியால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். அதுவும் ஆகாதென்றால் புண் ஆறும்வரை டயப்பரே போடுங்கள், ஆனால் மாற்றுங்கள். இன்னொரு பெரியவர், மந்திரித்த கயிற்றை அவிழ்த்தால் தெய்வக் குற்றம் வருமா என்று கேட்கிறார். ஐயா, அந்தக் கயிறு மூத்திரத்தில் ஊறி நாள் முழுவதும் புண்ணை ஒட்டியே உராய்ந்துகொண்டிருக்கிறது. முதலில் அதைக் கழற்றிப் புண்ணை ஆறவிடுங்கள். ஆறின பிறகு மறுபடி கட்டவேண்டுமா என்பதை, அதைக் கட்டிக்கொண்டு அழுத குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.