செவியில் விழுவதும் மனத்தில் கேட்பதும்



உளவியலார் புலனுணர்வு என்றும் புலக்காட்சி என்றும் இரண்டை வேறுபடுத்திச் சொல்வர். கண்ணிலும் செவியிலும் வந்து படுவது புலனுணர்வு. வந்து பட்டதை இன்னதென்று மனம் அறிந்துகொள்வது புலக்காட்சி. இவ்விரண்டுக்கும் இடையில் நம் பழக்கமும் எதிர்பார்ப்பும் முன்னறிவும் ஓசையின்றி வேலை செய்கின்றன. இதனை விளக்க உளவியல் நூல்கள் பெரும்பாலும் கண்ணையே துணைக்கு அழைக்கும். மொழியியல் பயின்ற நாம் இன்று செவியை எடுத்துக்கொள்கிறோம்.

வகுப்பறையில் அடிக்கடி நிகழ்வது ஒன்று. மாணவன் ஒருவன் 'பள்ளி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பல்லி' என்கிறான். ஆசிரியர் திருத்துகிறார். அவன் மறுபடியும் 'பல்லி' என்கிறான். 'நான் சொல்வதைக் கவனித்துச் சொல்' என்கிறார் ஆசிரியர். அவனும் கவனித்தே சொல்கிறான். மூன்றாம் முறையும் பல்லிதான் வருகிறது. வகுப்பு சிரிக்கிறது. நாக்கு தடிப்பு என்றோ அக்கறையின்மை என்றோ நாம் முடிவுகட்டி விடுகிறோம். ஆனால், ஆசிரியர் சொன்ன சொல்லும் தான் சொன்ன சொல்லும் அந்த மாணவனுடைய மனத்தில் ஒன்றாகவே கேட்டிருந்தால்? வேறுபாடே தெரியாத ஒன்றை எப்படித் திருத்திக்கொள்வது?

இதை ஐயுறுவோர் நம்மிடமே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மக்கள், மகன், சங்கம் என்னும் மூன்று சொற்களையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இவற்றில் வரும் ககரம் ஒன்றா, மூன்றா? தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் தயக்கமின்றி ஒன்று என்பர். காற்றில் பிறக்கும் ஒலியை அளந்தால் அவை மூன்று. முதலது வல்லென்று அடைத்துத் திறக்கிறது. இரண்டாவது உரசி, ஏறத்தாழ மூச்சாகவே கழிகிறது. மூன்றாவது மெல்லினத்தின் பக்கத்தில் குரல் பெற்று ஒலிக்கிறது. இம்மூன்றும் ஓர் ஒலியனின் மாற்றொலிகள் என்பது மொழியியல். தமிழில் இவ்வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை; ஆகவே மனம் அதனைக் கணக்கில் கொள்வதில்லை. ஓரெழுத்தே போதும் என்று நம் முன்னோர் கொண்டது இந்த மனக்கணக்கை ஒட்டியே. எட்வர்டு சபீர் என்னும் அமெரிக்க மொழியியலார் 1933 இல் எழுதிய கட்டுரையில், தம்முடன் பணியாற்றிய பழங்குடி மக்கள் செவியில் விழுந்ததை அன்றி, தம் மொழியறிவு கேட்கச் செய்ததையே எழுதினர் என்று காட்டினார். நாமும் அவ்வாறே.

இனி, வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த ஒரு குழந்தை தமிழ் வகுப்பில் அமர்கிறது. 'மகன்' என்பதில் வருவதும் 'சங்கம்' என்பதில் வருவதும் ஒரே எழுத்தா என்று அது வியந்து கேட்கிறது. பலர் இக்கேள்வியைக் குறும்பு என்று தள்ளிவிடுகின்றனர். உண்மையில் அவ்விடத்தில் அக்குழந்தை நம்மைவிட மிகுதியாகக் கேட்கிறது. நாம் கேட்காத மூன்றை அது கேட்கிறது. நாம் கேட்கும் ல, ள என்னும் இரண்டை அது கேட்பதில்லை. குறைசெவி என்று எதனைச் சொல்வது?

இந்தப் பிரிவு எப்போது தொடங்குகிறது என்பதை ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகிய இருவரும் கனடாவில் ஆராய்ந்து 1984 இல் வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த கைக்குழந்தைகளுக்கு இந்திமொழியின் பல்லொலித் தகரத்தையும் நாவளை டகரத்தையும் கேட்கச் செய்தனர். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் பொம்மை ஒன்று ஒளிர்ந்து ஆடும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவை மாற்றத்தை அறிந்து தலையைத் திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் மிகச் சிலவே திருப்பின. தமிழில் 'படி' என்பதையும் 'பதி' என்பதையும் பிரிக்கும் வேறுபாட்டுக்கு நெருங்கிய உறவுடைய வேறுபாடு அது. முதல் பிறந்தநாள் வருவதற்குள் குழந்தை தன் சூழலுக்கு வேண்டிய ஒலிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டாதவற்றை ஒதுக்கிவிடுகிறது. இதனை இழப்பு என்று வருந்துவாரும் உளர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லா வேறுபாடுகளையும் சமமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் செவியால் ஒரு சொல்லையும் விரைந்து அறிய இயலாது. ஒதுக்கத் தெரிந்தமையால்தான் குழந்தை பேச்சைக் கற்கிறது.

தமிழர்களுக்குள்ளேயே செவிகள் வேறுபடுவதற்கு ஓர் இனிய சான்று உண்டு. மின்கலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்நாட்டார் 'பேட்டரி' என்று எழுதுவர். யாழ்ப்பாணத்தார் 'பற்றறி' என்று எழுதுவர். ஆங்கிலேயர் வாயில் பிறந்த ஒலி ஒன்றே. அது நாவளை ஒலியும் அன்று, பல்லொலியும் அன்று. இரண்டுக்கும் நடுவே மேற்பல்லின் ஈற்றில் பிறப்பது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் இரட்டித்த றகரம் அவ்விடத்திலேயே ஒலிப்பதால் அவர்கள் அதனைத் தம்முடைய றகரமாகக் கேட்டனர். தமிழ்நாட்டுப் பேச்சில் அவ்வொலி அப்படி நிலைக்காமையால் அருகிலிருந்த டகரமாகக் கேட்டனர். இருசாராரும் காதில் விழுந்ததைத்தான் எழுதியதாக உறுதியாக நம்புவர். ஒருவரை ஒருவர் கேலி செய்வதும் உண்டு. அது வேறு கதை.

பழக்கம் மட்டுமன்றி எதிர்பார்ப்பும் ஒலியை ஆக்குகிறது. ரிச்சர்ட் வாரன் 1970 இல் வெளியிட்ட ஆய்வில், பதிவுசெய்த ஒரு வாக்கியத்திலிருந்து ஓர் ஒலியை முற்றாக நீக்கி, அவ்விடத்தில் இருமலைப் பதித்துக் கேட்கச் செய்தார். கேட்டோருள் ஏறக்குறைய எல்லோரும் வாக்கியத்தில் எவ்வொலியும் விடுபடவில்லை என்றனர். இருமல் எங்கே வந்தது என்பதைச் சரியாகச் சுட்டவும் அவர்களால் இயலவில்லை. இல்லாத ஒலியை மனம் இட்டு நிரப்பியது. ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976 இல் இன்னொன்று காட்டினர்: செவிக்கு 'பா' என்னும் ஒலியையும் கண்ணுக்குக் 'கா' போன்ற ஒலியைச் சொல்லும் வாயையும் ஒருங்கே அளித்தால், பலர் இரண்டுமல்லாத 'டா' போன்ற ஒன்றைக் கேட்கின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம் அணிந்து பாடம் நடத்திய ஆசிரியர்கள் இதன் மறுபக்கத்தை நன்கறிவர். ஆயினும் லகர ளகர ழகரங்களுக்கு உதடு பெரிதும் துணைசெய்யாது. நாக்கு உள்ளே மறைவாகச் செய்யும் தொழில் அது. தொல்காப்பியப் பிறப்பியல் லகரம் ஒற்றுவதாலும் ளகரம் வருடுவதாலும் பிறக்கும் என்று நுட்பமாகப் பிரித்துரைக்கிறது. நாவுக்கு அதனினும் நல்ல பாடம் இல்லை. செவிக்குரிய பாடத்தை நாம்தான் எழுத வேண்டும்.

சொல்வதெழுதுதலில் நேரும் சிக்கலும் இங்கே நினைக்கத்தக்கது. 'முந்நூறு' என்று ஆசிரியர் சொல்கிறார். மாணவி 'முன்னூறு' என்று எழுதுகிறாள். மதிப்பெண் குறைகிறது, 'காது கொடுத்துக் கேள்' என்னும் அறிவுரையும் கிடைக்கிறது. இன்றைய பேச்சில் பெரும்பாலோர் வாயில் இந்நகரமும் னகரமும் ஒன்றாகிவிட்டன. எழுத்தை அறிந்தமையால் ஆசிரியருக்கு அவை வேறுவேறாய்க் கேட்கின்றன. காற்றில் வேறுபாடு இல்லை. மாணவி சரியாகவே கேட்டாள். அவளுக்கு வேண்டியது சொல்லின் அமைப்பைப் பற்றிய விளக்கம். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்டலால் அறிய முடியாததைக் கேட்கவில்லை என்று ஒறுப்பது முறையன்று என்கிறோம். லகர ளகரத்தின் நிலை இதற்கு நேர்மாறு. அங்கே ஒலியில் வேறுபாடு உண்டு. மாணவன் மனம் அதனைப் பிரிக்கக் கற்கவில்லை. இரண்டு பிழைகளும் தாளில் ஒரே சிவப்பு மையால் வட்டமிடப்படுகின்றன.

இது சிறிய செய்தி அன்று. சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுவோர் 2010 இல் 32.3 விழுக்காடு, 2020 இல் 48.3 விழுக்காடு. தமிழ் மிகுதியாகப் பேசுவோர் 2020 இல் 2.5 விழுக்காடு. நம் வகுப்புகளில் அமரும் பிள்ளைகளுள் பலருக்கு, தம் வாழ்வின் முதலாண்டில் ளகரத்தைப் பிரித்துக் கேட்கத் தேவையே நேர்ந்திராது. சிரிப்புக்கு ஆளான பிள்ளை அடுத்த முறை வாய் திறப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கும். எண்ணிப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிவிடும்.

மூடிய செவி திறக்குமா? திறக்கும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆங்கிலத்தின் ரகர லகரங்களைப் பிரித்தறியாத ஜப்பானியருக்கு அமெரிக்காவில் அளித்த பயிற்சி 1991 இல் வெளிவந்தது. வளர்ந்தவர்களே அவர்கள். பலருடைய குரல்களில் பதிவுசெய்த சொற்களைக் கேட்டு, எது என்று தேர்ந்து, சரியா தவறா என்று உடனுக்குடன் அறிந்தனர். மூன்று வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே குரலைத் திரும்பத் திரும்பக் கேட்பதைவிடப் பல குரல்களைக் கேட்பது பயன் தந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பட்ரீசியா கூல் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு முறை அமர்ந்து விளையாடிக் கதை படித்தனர். அக்குழந்தைகள் சீனமொழியின் ஒலிவேறுபாட்டைக் காத்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகளிடம் அப்பயன் இல்லை. பாட்டியின் மடிக்கு நிகரான கருவி இன்னும் விற்பனைக்கு வரவில்லை போலும்.

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது, சொல்லச் சொல்வதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள் என்பதே. பல்லியின் படமும் பள்ளியின் படமும் மேசைமேல் இருக்கட்டும். பிள்ளை வாய் திறவாமல் விரலால் காட்டட்டும். குரல் உங்களுடையதாக மட்டும் இருக்க வேண்டாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர், உணவுக்கடை அம்மா, தாத்தா, தமிழ்நாட்டிலிருந்து வந்த மாமா என்று பலரைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அவர்களுள் சிலர் ழகரத்தை ளகரமாகவோ யகரமாகவோ ஒலிக்கக்கூடும். அதை மறைக்க வேண்டாம். எந்தக் குரல் பிரிக்கிறது, எது பிரிக்கவில்லை என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பத்து நிமிடங்கள் போதும், நாள்தோறும் வேண்டும்.

வினாக்களுக்குச் செல்லுமுன் ஒலிப்பதிவு ஒன்றை உங்கள்முன் வைக்கிறோம். ஐந்து குரல்களில் வலி, வழி, வளி என்னும் சொற்கள் வரிசை மாறி வரும். கையில் தாள் உள்ளோர் கேட்டதை எழுதுங்கள். ஆசிரியர்களும் எழுதுங்கள், பக்கத்தில் இருக்கும் மாணவரின் தாளைப் பார்க்க வேண்டாம்.