வேலையின்றி நிற்பவர்கள்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி என்றதும் நமக்குத் தோரணமும் கொடியும் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டிலோ ஜூபிலி ஆண்டு என்பது நிலத்தை இழந்தவன் அதைத் திரும்பப் பெறும் ஆண்டு. அடிமைப்பட்டவன் வீடு திரும்பும் ஆண்டு. ஆகவே இம்மேடையில் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே.

உழைக்க முன்வருவோருள் வேலையற்றோர் 2017-18ல் 100க்கு 6 பேருக்குச் சற்று அதிகம், 2023-24ல் 3 பேருக்குச் சற்று அதிகம் என்று மத்திய அரசின் கணக்கெடுப்பு கூறுகிறது. கேட்க ஆறுதலாய் இருக்கிறது. ஆனால் ஆண்டில் 30 நாள் ஒரு தொழிலில் ஈடுபட்டவரையும் அக்கணக்கு வேலையுள்ளவராகவே சேர்க்கிறது. கூலியின்றிச் சொந்த வீட்டுத் தொழிலுக்கு உதவுபவரும் அப்படியே. கணக்கு பொய்யன்று, ஆனால் அதைக்கொண்டு நம் அடுப்பு எரியாது.

நம் கரிசல் பூமி வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் உளுந்தும் பாசியும் கம்பும் மக்காச்சோளமும் விதைக்கிறோம். தை, மாசியில் களம் நிறைகிறது. பிறகு? உப்பளம், கரிமூட்டம், திருப்பூர் பஸ்!

தீப்பெட்டித் தொழில்தான் நமக்கு நெடுநாள் கைகொடுத்தது. 1920களில் சிவகாசியில் வேரூன்றி, கோவில்பட்டி வட்டாரமெங்கும் பரவியது. சின்னஞ்சிறு கைகளும் அதில் குச்சி அடுக்கின. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. இன்று இயந்திரமும் லைட்டரும் அத்தொழிலை நெருக்குகின்றன. ஒரு ரூபாய்ப் பெட்டி இரண்டு ரூபாயாக 14 ஆண்டுகள் ஆயின. 2021 டிசம்பரில்தான் விலை உயர்ந்தது. தாய் பெட்டி ஒட்டி மகனைப் படிக்க வைத்தாள். பட்டம் பெற்ற மகனோ டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்திருக்கிறான். அவனைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். அவன் முகத்தில் இருப்பது வெட்கம்.

நம் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களோடு நின்று, கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைக்கச் செய்தார். அதற்கு 17 ஆண்டுகள் முன்னரே, 1891ல், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரின் நியாயமான கூலிக்காக உலகுக்குத் திருமடல் எழுதியிருந்தார். உழைப்பாளிக்காகப் பேசுவது அரசியல்வாதிக்கு மட்டுமே உரியதன்று.

2025 ஆகஸ்டு 4ல் சில்லாநத்தத்தில் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் தொழிற்சாலை கேட்பது ஃபிட்டரை, வெல்டரை, எலக்ட்ரீஷியனை. கையில் தொழில் இல்லாதவனுக்கு வாசலருகே ஆலை வந்தும் பயனில்லை.

இங்கே நம் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும. பங்கு இல்லத்துக்கு வந்து கேட்டவர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். கடமை முடிந்தது என்று நினைத்தோம். யார் வந்தார்கள்? நம்மோடு பழகியவர்கள் வந்தார்கள். கேட்கக் கூசியவர்கள் வரவில்லை. அவர்களைத் தேடி நாமும் போகவில்லை. திராட்சைத் தோட்ட உவமையில் வரும் முதலாளியோ பொழுது சாயும் நேரத்திலும் சந்தைவெளிக்குத் தாமே போனார். அங்கே நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களைக் கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஜூபிலிக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அலங்கார வளைவுக்கும் வாண வேடிக்கைக்கும் ஒதுக்கிய பணத்தில் பாதியைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்துக்கும் கருவிகளுக்கும் தாருங்கள். சாதி, மதம் பார்க்க வேண்டாம். இளைஞர் மன்றத்தார் வீடுவீடாகச் சென்று, யாருக்கு எத்தனை நாள் வேலை, என்ன தொழில் தெரியும் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். முதல் நாள் உங்களோடு நாமும் நடப்போம்.

வாணம் ஒரு நிமிடம் எரிந்து அணையும். ஒரு பிள்ளை கற்ற தொழிலோ ஒரு குடும்பத்துக்கே விளக்காகும். இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!