மலைக்கொரு சாயம்



திராட்சை மதுவை வாயில் வைத்ததும், அது எந்தச் சரிவில் விளைந்தது, அந்த ஆண்டு வெயில் எப்படி இருந்தது என்று சொல்லிவிடக்கூடியவர்கள் பிரான்சில் உண்டு. அவர்களைப் பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. நம் நாட்டிலும் அப்படி நாக்கையும் மூக்கையும் பழக்கியவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் 1883இல் தொடங்கிய தேயிலை ஏலம் இன்றும் நடக்கிறது. அங்கே ஒரு தேயிலை என்ன விலைக்குப் போகும் என்பது பெரும்பாலும் இவர்கள் உறிஞ்சும் ஒரு கரண்டிச் சாயத்திலேயே தெரிந்துவிடும்.

நான் இருக்கும் கடுகண்ணாவை, கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றரைச் சற்றே தாண்டிய ஊர். ரம்புக்கணையிலிருந்து மூச்சு வாங்க ஏறிவரும் ரயிலுக்கு இங்கே வந்ததும்தான் ஏற்றம் முடிகிறது. தேயிலைக் கணக்கில் 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. 600இலிருந்து 1,200 வரை இடைநிலம். அதற்கு மேலே உயர்நிலம். ஆக, இரண்டு சுவைகளின் எல்லைக்கோட்டருகே எங்கள் வீடுகள் இருக்கின்றன. நாட்டின் ஒவ்வொரு மலைத் தேயிலையையும் பாலும் சீனியும் சேர்க்காமல், வரிசையாக வைத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அதற்கு வாய்ப்புக் கிடைத்தது.

சுவைக்கும் முறை எளிது. வெள்ளைப் பீங்கான் குவளை, அதற்கொரு மூடி, பக்கத்தில் ஒரு கிண்ணம். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். சாயத்தைக் கிண்ணத்தில் வடித்துவிட்டு, ஊறிய இலையை மூடியின் மேல் கொட்டி வைப்பார்கள். இலை செம்பு நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்ல அறிகுறி. பிறகு கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். வீட்டில் பிள்ளைகள் அப்படிக் குடித்தால் அதட்டுவோம். ஆனால் சாயம் காற்றோடு சேர்ந்து சிதறினால்தான் அதன் மணம் தொண்டை வழியே மூக்குக்கு ஏறும். இனிப்பு, புளிப்பு, கசப்பு போன்ற சில சுவைகளைத்தான் நாக்கு அறியும். மற்றதெல்லாம் மூக்கின் வேலை. உறிஞ்சிய பின் விழுங்கக் கூடாது, துப்பிவிட வேண்டும். மதுவைச் சுவைப்பவர்களும் இதையேதான் செய்கிறார்கள்.

முதலில் நுவரெலியா. வெளிறிய பொன்னிறம். பார்த்தவுடன் தண்ணீர் கூடிவிட்டதோ என்று தோன்றும். வாயில் வைத்தால் பூமணம். குளிரில் செடி மெதுவாக வளர்வதால் மணப்பொருட்கள் தளிரில் செறிந்துவிடுகின்றன. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ளத் தேயிலை அதைவிட உறுதியானது. தை, மாசியில் பறித்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும். காலி, மாத்தறைப் பக்கத்து ருகுணுத் தேயிலை வெப்பத்தில் வேகமாக வளர்ந்தது, கருஞ்சிவப்பு, கனம். இலங்கையின் விளைச்சலில் பாதிக்கு மேல் தாழ்நிலத்தில்தான் கிடைக்கிறது.

ஊவா தனிக்கதை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைகளின் மேற்குப் புறத்தில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாகப் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இறங்குகிறது. அந்த வறட்சியில் செடி தளிர்விடவே தயங்குகிறது. விடுகிற தளிரில் மெதைல் சலிசிலேற் என்னும் மணப்பொருள் கூடுகிறது. வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் இருப்பதும் இதுதான். ஆகஸ்டில் பறித்த ஊவாத் தேயிலையை உறிஞ்சினேன். வாயில் சூடான சாயம், தொண்டையில் குளிர்ச்சி! என்னோடு வந்த நண்பர், மருந்து மணக்கிறது என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். எனக்கு அதை விட மனம் வரவில்லை. அதே பகுதியில் மார்கழியில் பறித்த தேயிலையும் அங்கே இருந்தது. அதில் அந்தக் குளிர்ச்சியின் சுவடே இல்லை. காற்று மாறினால் சுவையும் மாறிவிடுகிறது.

கடைசியாக எங்கள் கண்டித் தேயிலை. ஊவாவைப் போல அது நம்மைத் திகைக்க வைப்பதில்லை. செம்பும் சிவப்பும் கலந்த நிறம், வாயை நிறைக்கும் கனம், துப்பிய பிறகும் நாக்கின் ஓரத்தில் நிற்கும் துவர்ப்பு. கிண்ணத்தை ஆறவிட்டேன். சாயம் மெல்லக் கலங்கியது. கஃபீனும் சாயத்தின் நிறப்பொருட்களும் ஆறும்போது ஒன்றுசேர்வதால் வரும் கலங்கல் அது. வீட்டில் என்றால் பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிடுவோம். சுவைஞர்கள் அதைச் சாயத்தின் வலுவுக்குச் சான்றாகக் கொள்கிறார்கள். பாலிலுள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்து அடக்கிவிடும். நுவரெலியாத் தேயிலையில் பால் ஊற்றினால் பூமணம் போய்விடுகிறது. கண்டித் தேயிலையோ பாலுக்கும் ஈடுகொடுத்து நிற்கிறது. அன்றாடம் குடிக்க எனக்கு இதுவே போதும்.

இந்த நாட்டில் தேயிலை பயிர்த்தொழிலாக வேரூன்றியதும் இந்தக் கண்டி மலைகளில்தான். பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் 1824இலேயே தேயிலைச் செடி வைத்திருந்தார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் தோட்டத்துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்டார். தன் பங்களா விறாந்தையிலேயே இலையைக் கையால் உருட்டிப் பக்குவம் பார்த்தார். கோப்பிக்காகப் போட்ட ரயில்பாதை கடுகண்ணாவை வழியே கண்டியை எட்டியதும் அதே 1867தான். இரண்டு ஆண்டில் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது; காலப்போக்கில் கோப்பி அழிய, அந்தப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கத் தொடங்கின. இவ்வளவு இருந்தும் நுவரெலியாவுக்கும் ஊவாவுக்கும் உள்ள பேர் கண்டித் தேயிலைக்கு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பார்த்துக் கிள்ளும் விரல்களில்தான் சுவை தொடங்குகிறது. முற்றிய இலை கலந்துவிட்டால் எந்த இயந்திரமும் அதைத் திருத்தாது. தோட்டங்களில் கொழுந்து கிள்ளும் மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். இத்தனை தலைமுறையாக நல்ல கொழுந்தைக் கூடையில் போட்டுக் கொடுத்தவர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் பெரும்பாலும் கொதித்தது டஸ்ட் என்னும் தூள்தேயிலைதான். தாங்கள் பறித்ததன் உண்மையான ருசியை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? மதுப் போத்தலில் தோட்டத்தின் பெயரைப் பெருமையோடு அச்சிடுகிறார்கள். நம் கடைகளில் விற்கும் தேயிலைப் பைக்கற்றுகள் பலவற்றில் ஊர்ப்பெயர்கூட இல்லை.

நேயர்களே, அடுத்த முறை கடைக்குப் போகும்போது பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். எந்த மலைத் தேயிலை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எழுதியிராவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால் எழுதுவார்கள். வீட்டுக்கு வந்து, ஒரு கோப்பையையாவது பாலும் சீனியும் இல்லாமல், 6 நிமிடம் ஊறவிட்டு, சத்தம் வர உறிஞ்சிக் குடித்துப் பாருங்கள்.