சலுகை அட்டையும் மலைநாட்டுப் பிரயாணியும்

அட்டனிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ திருச்சிராப்பள்ளிக்குப் புறப்பட்டவர், ஒரு காலத்தில் ஆகாயத்தை அண்ணாந்து பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. மலையிலிருந்து புகையிரதத்தில் இறங்கினார். வண்டி மாறித் தலைமன்னாரை அடைந்தார். அங்கே கப்பலேறித் தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதம் பிடித்தார். 1914ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மார்க்கத்தில் அலைச்சல் மிகுதி. ஆனால் கட்டணத்தில் மர்மம் எதுவும் இல்லை. இன்று புறப்பட்டாலும் அடுத்த வாரம் புறப்பட்டாலும் சீட்டின் விலை ஒன்றுதான். 1964ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பற் சேவையும் 1980களில் நின்றுபோயிற்று. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது உண்மையே. ஆயினும் டிக்கோயாவில் இருப்பவருக்குக் காங்கேசன்துறையிலும் பார்க்கக் கட்டுநாயக்கவே கிட்டியது. ஆகவே, தோட்டத்து லயத்தில் வாழ்பவரும் இன்று விமானக் கட்டணத்தைப் பற்றிச் சிந்திக்கவேண்டியவராகிறார்.

இந்தப் பிரயாணம் உல்லாசப் பிரயாணமன்று. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டுமென வகுத்தது. அவ்வாறு சென்றோரில் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களுக்கு வேலையளிப்பதற்கென்றே 1968இல் தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. அக்காள் டிக்கோயாவில், தங்கை கோத்தகிரியில் என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. இரு மலைகளிலும் கொழுந்து ஒன்றுதான். இடையே கிடப்பது கடலும் கடவுச்சீட்டும் கட்டணமும்.

இப்படிப்பட்ட பிரயாணியை நோக்கியும் உலக விமானக் கம்பனிகளின் ஒரு வியாபார முறை வந்து சேரக்கூடும். வருடத்துக்கு இவ்வளவு தொகையை முன்னதாகச் செலுத்தி ஓர் அட்டையைப் பெற்றுக்கொண்டால், அந்த வருடம் முழுவதும் சீட்டின் விலையிற் சலுகை உண்டு என்பதே அம்முறை. பறக்கும் தூரத்துக்கு ஏற்பப் புள்ளிகள் வழங்கும் இலவச அங்கத்துவம் வேறு, இது வேறு. இலவச அங்கத்துவத்தில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கோ பணம் முதலிற் போகிறது.

பணம் முதலிற் போவது மலைநாட்டாருக்குப் புதிதன்று. புகையிரதத்திலும் பஸ்ஸிலும் பருவச் சீட்டு உண்டு. ‘சீசன்’ என்றால் பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். மாதத்தில் இருபது நாள் போய் வருவது நிச்சயமாதலால் சீசன் எடுத்தவர் நட்டப்படுவதில்லை. மலைநாட்டைப் போலவே மலைகள் நிறைந்த சுவிற்சர்லாந்திலே, வருடத்துக்கு ஒருமுறை பணங்கட்டி அரைக் கட்டணத்திற் பிரயாணஞ் செய்யும் அட்டை 1891ஆம் ஆண்டிலிருந்து வழக்கில் உள்ளது. அந்நாட்டில் அது வேரூன்றியமைக்குக் காரணம் சலுகையின் பெருமை மட்டுமன்று. சிற்றூருக்கும் வண்டி போகிறது. மக்கள் வாரந்தோறும் அதில் ஏறுகிறார்கள். பிரயாணம் பழக்கமாகிவிட்ட இடத்தில் அட்டை தானே பயன் தருகிறது.

ஆகாயத்திலோ கதை வேறு. ஐரோப்பாவில் மலிவுக் கட்டணத்துக்குப் பேர்போன றயன்எயார் என்னும் கம்பனி, 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘பிறைம்’ என்ற அட்டையை 79 யூரோவுக்கு விற்கத் தொடங்கியது. வருடத்திற் பன்னிரண்டு முறை பறப்பவர் 420 யூரோ வரை மீதப்படுத்தலாம் என்பது அதன் விளம்பரம். அதாவது முறைக்கு 35 யூரோ. 79ஐ 35ஆல் வகுத்துப் பார்த்தால், இரண்டு முறை பறந்தும் போட்ட பணம் திரும்பாது; மூன்றாம் முறையிற்றான் இலாபம் தொடங்கும். 55,000 பேர் அதை வாங்கினர். கம்பனிக்கு 44 இலட்சம் யூரோ சேர்ந்தது. அங்கத்தவர் பெற்ற சலுகையோ 60 இலட்சம் யூரோவுக்கு மேல். ஏறக்குறைய எட்டு மாதத்தில், அதே ஆண்டு நவம்பரில், கம்பனி திட்டத்தை மூடிவிட்டது.

வாங்கியோருக்கு நன்மையாக முடிந்த அட்டையை விற்றவர் நிறுத்திவிட்டார். அப்படியானால் நிறுத்தப்படாமல் ஆண்டாண்டாக விற்கப்படும் அட்டைகள் யாருக்கு நன்மையாக இருக்கின்றன என்று கேட்பது குதர்க்கமாகாது. வாங்கியவர்களிற் பலர் எண்ணிய அளவு பறப்பதில்லை. அவர்கள் பறக்காமல் விட்ட பிரயாணங்களே அட்டையின் இலாபம்.

தோட்டத் தொழிலாளருக்குத் தீபாவளி முற்பணம் நன்கு பழக்கமானது. தோட்டம் முன்னே கொடுத்து, மாதாமாதம் சம்பளத்திற் கழித்துக்கொள்ளும். ஒரு சதமும் தவறாது. சலுகை அட்டை அதற்குத் தலைகீழானது. பிரயாணி முன்னே கொடுத்துவிட்டுப் பின்னே தானே கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காமல் விட்டால், ‘உமக்கு இவ்வளவு பாக்கி இருக்கிறது’ என்று செக்றோலைப் புரட்டிச் சொல்ல எவரும் வரமாட்டார். 79 யூரோ என்பது அப்போதைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 25,000 ரூபா. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தில், பதினெட்டு நாள் பேர் போட்டிருந்தாலும் அத்தொகை சேர்ந்திராது. அப்படிச் சேர்த்த பணத்தைக் கோத்தகிரிக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போகும் குடும்பம் ஓர் அட்டையில் முடக்கினால், மூன்றாம் பிரயாணத்தின் இலாபத்தைக் காண்பதற்குள் அட்டையின் ஆயுள் பலமுறை முடிந்துவிடும். அன்றியும் இத்தகைய அட்டைகள் பெரும்பாலும் ஒருவர் பெயருக்கே உரியன. கணவனுக்குக் கிடைக்கும் சலுகை, கூடச் செல்லும் மனைவிக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது.

இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். சீசனில் எவ்வளவு குறைகிறது என்பது திட்டமாகத் தெரியும். விமானக் கட்டணமோ நாளுக்கு நாள், ஏன் நாழிகைக்கு நாழிகை, ஏறி இறங்குவது. ஏறிய விலையிற் பத்து வீதம் குறைத்தாலும், நாற்பது நாளுக்கு முன் சலுகையின்றி வாங்கியவர் கொடுத்த விலையிலும் அது கூடுதலாக இருக்கக்கூடும். அரசாங்க வரிகளிலும் விமான நிலையக் கட்டணங்களிலும் கம்பனியின் சலுகை பொதுவாகச் செல்லாது. ஆசனத்தைத் தெரிவுசெய்யும் உரிமை சில அட்டைகளிற் பெரிதாகப் பேசப்படுகிறது. ஒருமணி நேரப் பறப்பில் சன்னலோரம் இருந்தாலென்ன, நடுவில் இருந்தாலென்ன? தங்கை வீட்டுக்குத் தேயிலைத்தூளும் திரும்பும்போது சேலைகளும் சுமப்பவருக்கு வேண்டியது பொதிச் சலுகை. அது அட்டையில் உண்டா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

முற்பணம் வாங்கிய கம்பனி நிலைத்திருக்குமா என்பதும் அலட்சியஞ் செய்யத்தக்க கேள்வியன்று. தென்னிந்தியாவுக்குப் பறந்த மிகின் லங்கா 2007இல் தொடங்கி 2016இல் மூடப்பட்டது. இந்தியாவின் ஜெற் எயார்வேஸ் 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் திடீரென நின்றது. 2020இல் பெருந்தொற்று பெரும்பாலான பிரயாணிகள் விமானங்களை மாதக்கணக்கில் தரையிறக்கியது. நிலத்தில் ஓடும் வண்டிக்கும் இந்த அபாயம் இல்லாமலில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களிற் சிதைந்து, போக்குவரத்து நின்றது. ஆனால் சீசன் எடுத்தவர் பணயம் வைப்பது ஒரு மாதத்துப் பணத்தை. அட்டை எடுத்தவர் வைப்பது ஒரு வருடத்துப் பணத்தை.

எவருக்குமே இது உதவாது என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. துணி வாங்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னைக்குப் போகும் அட்டன் கடைவீதி வியாபாரி, தவணை விடுமுறைதோறும் வீடு வந்து திரும்பும் மாணவர், கண் சிகிச்சைக்காகக் குறித்த திகதிகளில் மதுரைக்குப் போகவேண்டிய நோயாளி ஆகியோரின் பிரயாணங்கள் நாட்காட்டியில் முன்பே எழுதப்பட்டவை. இவர்கள் அட்டையின் விலையை ஒருமுறைச் சலுகையால் வகுத்துப் பார்க்கலாம். வரும் எண், தாம் நிச்சயமாகப் போகவிருக்கும் தடவைகளிற் பாதிக்கு உட்பட்டதாயின் துணிந்து வாங்கலாம். பாதி என்று சொல்வது, காய்ச்சலுக்கும் விசாத் தாமதத்துக்கும் மறுபாதியை விட்டுவைக்கத்தான்.

மற்றையோருக்கு அதே தொகை சேமிப்பு வங்கியில் இருப்பதே மேல். கோத்தகிரியில் தை மாதத்திற் கலியாணம் என்று ஆவணியிலேயே செய்தி வந்தால், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் விசா விபரத்தைக் கேட்டறிந்துகொண்டு, புரட்டாதியிற் சீட்டைப் பதிவுசெய்துவிடலாம். எந்த அட்டையின் சலுகையும் அந்த விலையை எளிதில் வெல்லாது. சாவுச் செய்தி வந்தாலோ கையிலுள்ள பணத்துக்கு அன்றைக்குள்ள விலையிற் சீட்டெடுத்து, இரவோடிரவாகக் கட்டுநாயக்கவுக்கு வான் பிடிக்க வேண்டியதுதான். அந்த வானுக்கும் காசு வேண்டும்.